உன் வீட்டு மூக்குகள்

செங்கல்பட்டு
6.1.2025

அன்புள்ள மச்சான் சாலமோனுக்கு,

அப்பாசாமி எழுதுகிறேன். நானேதான் எழுதுகிறேன். மேரி யாரிடமோ சொல்லி எழுதி வாங்கியது என்று நினைக்காதே. உன் தங்கச்சி டீ வாங்கக் கீழே போயிருக்கிறாள். காலை நாஸ்தா முடிந்ததும் ஆரம்பித்தேன், இப்போது மதியச் சாப்பாட்டு வண்டி வரும் சத்தம் கட்டிலில் அதிர்கிறது. 'மச்சான்' என்று எழுதி முடித்துப் பார்த்தபோது நீயே எதிரில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. சங்கரி டீச்சரின் மாலை வகுப்புக்குப் போன நாளில் இருந்து கண்ணில் பட்டதை எல்லாம் படிக்கிறேன். இங்கே சுவரில் 'எச்சில் துப்பாதீர்' என்று எழுதியிருக்கிறார்கள். அதைத் தினமும் படிக்கிறேன். சலிக்கவில்லை.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். கிரைண்டர் மிஷின் தின்றது போக மிச்சமிருக்கிற காதில் போன் ஏறாது என்பது உனக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். மார்கழி ஆரம்பத்தில் பட்டறையில் கருங்கல் சில்லு தெறித்து வலது முழங்காலுக்குக் கீழே கிழித்தது அல்லவா? பொத்தேரியில் உன் மகள் பிரிசில்லா நர்ஸாக இருக்கிற நர்சிங் ஹோமுக்குப் போனேன். அவள்தான் கழுவிக் கட்டுப் போட்டு, டாக்டர் எழுதிய மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பினாள். புண் ஆறுவது போல இருந்தது. பிறகு திடீரென்று சிவந்து, பழுத்து, கால் பனங்காய் மாதிரி வீங்கிவிட்டது. காய்ச்சலில் பிதற்றினேனாம். என் மகன் சாம்தான் ஆட்டோ பிடித்து இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தான். எனக்கென்று மூலையில் தனிக் கட்டில். தொடுகிறவர்கள் எல்லாரும் கையுறை போட்டுக்கொண்டு தொடுகிறார்கள்.

ஷபானா என்று ஒரு டாக்டரம்மா இருக்கிறார். என் காது கேட்காது என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் பேப்பரில் எழுதிக் காட்டுகிறார். கோழி கிளறின எழுத்து. ஆனாலும் விடாமல் படித்துவிடுகிறேன். என் காலில் இருப்பது ஸ்டாஃபைலோகாக்கஸ் என்ற கிருமியாம். பெயரைப் பார்த்துத்தான் எழுதினேன். போனில் படம் காட்டினார், திராட்சைக் கொத்து போல அழகாக இருக்கிறது. அது சாக்கடையில் இருந்து வருவதில்லையாம். நல்ல ஆரோக்கியமான மனிதர்களின் மூக்குக்குள் சும்மா குடியிருக்குமாம். மூன்று நான்கு பேரில் ஒருவர் மூக்கில் இருக்குமாம். அவருக்கு ஒரு தும்மல் கூட வராது. மூக்கைத் தொட்ட கை அடுத்தவன் புண்ணைத் தொட்டால் உள்ளே இறங்கிவிடும். சீழ் வைக்கும். விட்டால் எலும்புக்குப் போகும், ரத்தத்தில் ஏறினால் இதயத்துக்கே போகும்.

இதைப் படித்ததில் இருந்து எனக்கு ஒரே கேள்விதான். யார் மூக்கு?

புண்ணைத் தொட்டது பிரிசில்லா. மாஸ்க் போட்டிருந்தாள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என்னிடம் பேசும்போதெல்லாம் தாடைக்கு இறக்கிவிட்டாள். என் இரண்டு கண்ணால் பார்த்தேன். ஆகையால் அந்த நர்சிங் ஹோம் மேனேஜருக்குப் புகார் எழுதிப் போட்டிருக்கிறேன். ஒரு பக்கம் முழுக்க எழுதினேன் மச்சான். நான் பிறந்து வளர்ந்து எழுதிய முதல் கடிதம் அது. கீழே கைநாட்டு இல்லை, கையெழுத்து!

உனக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் சந்தேகம் என்று வந்துவிட்டால் சொந்தம் பார்க்கக்கூடாது.

இப்படிக்கு,
அப்பாசாமி


மாமல்லபுரம்
11.1.2025

திரு. அப்பாசாமி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து வந்ததால் மொட்டை மாடியில் வெயிலில் போட்டு எடுத்துத்தான் படித்தேன். உங்கள் எழுத்தில் எனக்கும் சந்தேகம் இருக்காதா?

என் மகளை வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மேனேஜர் லக்ஷ்மிநாராயணன் அவளைக் கூப்பிட்டு உங்கள் கடிதத்தை மேஜைமேல் விரித்துக் காட்டினாராம். "வெளியாள் யாராவது எழுதியிருந்தா பரவாயில்லம்மா. உங்க சொந்த மாமாவே எழுதிக்கீறாரே" என்றாராம். இந்த மாதம் முடிவதற்குள் புகார் பொய் என்று ஆகாவிட்டால் வேலையில் இருந்து நீக்கிவிடுவார்கள். நோயாளிக்குக் கிருமி ஏற்றியவள் என்று பெயர் வந்த நர்ஸை வேறு எந்த ஆஸ்பத்திரி சேர்த்துக்கொள்ளும்? அவள் படிப்பதற்கு நானும் செத்துப்போன என் வீட்டுக்காரியும் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாதா?

அவள் மாஸ்க்கை ஏன் இறக்கினாள் என்று யோசித்தீர்களா? நீங்கள் காது கேட்காதவர். உதட்டைப் பார்த்தால்தான் உங்களுக்குப் பேச்சு புரியும். உங்களுக்காக இறக்கினாள்.

எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் சாமுக்குப் பிரிசில்லாவைக் கேட்டீர்கள். முறைதான், நானும் மறுக்கவில்லை. அவள்தான் வேண்டாம் என்றாள். அன்றைக்கு நீங்கள் சிரித்துக்கொண்டே எழுந்து போனீர்கள். அந்தச் சிரிப்பை நான் அப்போதே நம்பவில்லை. எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதும் முதல் வேலையாக அந்தக் கோபத்தை எழுதியிருக்கிறீர்கள்.

அவள் அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "நைனா, நாங்க குடுத்த மாத்திரைய மாமா முழுசா போட்டாரான்னு கேளு." கேட்டுவிட்டேன்.

சாலமோன்


செங்கல்பட்டு
15.1.2025

அன்புள்ள மச்சானுக்கு,

இன்று மாட்டுப் பொங்கல். வார்டில் எல்லாருக்கும் வாழை இலைத் துண்டில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். எனக்கு மட்டும் தனித் தட்டு.

உன் கடிதத்தில் என்னை 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். புண்ணைவிட அது வலித்தது. அதே சமயம், எனக்கென்று ஒருவர் எழுதிய கடிதத்தை வாழ்க்கையில் முதல்முறையாக நானே படித்தேன். வசவுக் கடிதம்தான். ஆனாலும் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

சாம் விஷயத்தை இழுக்காதே. அவனே மறந்துவிட்டான். சென்னையில் யாரையோ பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று எனக்குச் சந்தேகம்.

மாத்திரை போட்டேன். வலி நிற்கும்வரை போட்டேன். வலி போன பிறகு எதற்கு? மிச்சத்தை நான் ஒன்றும் குப்பையில் எறியவில்லை. வழக்கம்போலப் பட்டறை டப்பாவில் போட்டேன், நாலு பேருக்கு உதவும். இதில் என்ன தப்பு இருக்கிறது என்று கேட்டனுப்பினாள் உன் மகள்?

இங்கே எனக்குச் சந்தேகங்கள் கூடிக்கொண்டே போகின்றன. பக்கத்துக் கட்டில் ஆள் மூக்கை நோண்டிக்கொண்டே என்னைப் பார்க்கிறான். தரை துடைக்கிற அம்மா என் மூலைக்கு வேறு துடைப்பம் வைத்திருக்கிறாள். ஷபானா டாக்டர் ஒரு மருந்தை அலமாரியில் வைத்துப் பூட்டியே வைத்திருக்கிறார். பெரிய இடத்து ஆட்களுக்கு ஒளித்து வைத்திருக்கிறீர்களா என்று நேராகக் கேட்டுவிட்டேன். சத்தமாகக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது, வார்டே திரும்பிப் பார்த்தது. அவர் எழுதினார்: "எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்தால் கிருமி இதையும் கற்றுக்கொள்ளும். பிறகு கொடுக்க எங்களிடம் ஒன்றும் இருக்காது. அதற்குத்தான் பூட்டு."

என் சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். ரிசல்ட் வந்தது. வழக்கமாகக் கொடுக்கிற மருந்துகள் ஒன்றும் இதற்குக் கேட்காதாம். மருந்துக்கு என்ன கேடு என்றேன். மருந்து நன்றாகத்தான் இருக்கிறது, கிருமிதான் மாறிவிட்டது என்று எழுதினார். நான் புரிந்துகொண்டதை நம் வேலையை வைத்துச் சொல்கிறேன். கல்லில் உளி பிடிக்க ஓர் இடம் வேண்டும் இல்லையா? இந்தக் கிருமி அந்த இடத்தையே மாற்றி வைத்துக்கொள்கிறது. உளி வழுக்கிப் போகிறது. இன்னும் சில கிருமி உளியின் மூக்கையே ஒடித்துவிடுமாம். ஒன்று கற்றுக்கொண்டால் பக்கத்தில் இருக்கிற இன்னொன்றுக்கும் சொல்லிக் கொடுத்துவிடுமாம். அதற்கெல்லாம் மாலை வகுப்பு தேவையில்லை!

நேற்று புண்ணைத் திறந்து சீழை வழித்து எடுத்தார்கள். எலும்புக்குப் போயிருக்கிறதா என்று படம் எடுத்திருக்கிறார்கள். போயிருந்தால் பல வாரம் ஊசி, அதற்கும் கேட்காவிட்டால் என்ன என்று அவர் எழுதவில்லை. அந்த இடத்தில் பேனாவை மூடிவிட்டார்.

அதனால் கேட்கிறேன். மூக்கைப் பரிசோதிக்கலாமாம். பஞ்சுக் குச்சியை உள்ளே சுற்றி எடுத்தால் போதும், வலிக்காது. உன் வீட்டு மூக்குகள் இரண்டையும் பார்த்துவிடு. ரிசல்ட் வரும்வரை புகார் புகார்தான்.

அப்பாசாமி


மாமல்லபுரம்
19.1.2025

மாப்பிள்ளை அப்பாசாமிக்கு,

பிரிசில்லா நீ கேட்கும் முன்பே மூக்கைப் பரிசோதித்துவிட்டாள். ஒன்றும் இல்லை. லேப் ரிப்போர்ட்டின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். படிக்கத்தான் தெரியுமே, படி.

மிச்ச மாத்திரையை டப்பாவில் போட்டேன் என்று நீ எழுதியதை அவளிடம் படித்துக் காட்டினேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். "எந்த டப்பா?" என்றாள். பட்டறையில் சாமி படத்துக்குக் கீழே இருக்கிற பிஸ்கட் டப்பா, யாருக்கு எந்த மாத்திரை மிஞ்சினாலும் அதில்தான் போடுவோம் என்றேன். அடி பட்டவன் ஒரு கேப்ஸ்யூலை உடைத்துத் தூளைப் புண்ணில் தூவி, பனியன் துணியால் கட்டிக்கொண்டு வேலைக்கு உட்காருவான், கட்டி வந்தவன் இரண்டு விழுங்குவான் என்றும் சொன்னேன். "அத்த எடுத்துகினு வா நைனா" என்றாள்.

போனேன். கலைவாணன் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு பிள்ளையாருக்குக் காது செதுக்கிக்கொண்டிருந்தான்.

"இன்னாடா கழுத்துல?"

"கட்டி அண்ணாத்த. சூடு."

"தை மாசத்துல இன்னா சூடு?"

"கல்லு சூடு."

ஆல்வினுக்கு அக்குளில். கையைத் தூக்க முடியாமல் சுத்தியை மாற்றிப் பிடித்திருந்தான். முகம் துடைக்கிற துண்டு ஒன்றே ஒன்றுதான் ஆணியில் தொங்கியது. அதில்தான் அவனும் துடைக்கிறான், இவனும் துடைக்கிறான், நீயும் துடைத்தாய், நானும் துடைத்தேன்.

டப்பாவைத் தூக்கினேன். முதலாளி தீனதயாளன் குறுக்கே வந்தார். "எங்க எடுத்துகினு போற சாலமோன்? ஆபத்துக்கு ஒதவுறது அது. கார்த்திகைல உன் தொடைல கட்டி வந்தப்ப இதுல எடுத்துதான போட்டே? அடங்குச்சா இல்லியா?"

"அடங்குச்சு."

"அப்புறம் இன்னா பேஜாரு?"

டப்பாவை நான் விடவில்லை.

பிரிசில்லா அதைப் பாயில் கொட்டினாள். சிவப்பும் கருப்பும் மஞ்சளும், பாதி அட்டையில், பாதி அட்டை இல்லாமல். "நைனா, இதுல எது எதுக்குன்னு உங்கள்ல யாருக்காச்சும் தெரியுமா?" என்றாள். தெரியாது என்றேன். அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவுக்கு எழுதுகிறேன். ஒன்று இரண்டு விழுங்கினால் சாதுவான கிருமி செத்துப்போகும். முரட்டுக் கிருமி மட்டும் மிஞ்சிப் பெருகும். அது துண்டு வழியாக அடுத்தவன் மேல் ஏறும். அவனும் வேறு எதிலோ இரண்டு விழுங்குவான். அங்கேயும் முரடுதான் மிஞ்சும். தூவுகிற தூளும் அப்படித்தான். "நீங்க கிருமிய கொல்லல நைனா. பழக்கிகினு கீறீங்க" என்றாள்.

எனக்கு இப்போது சந்தேகம் நர்சிங் ஹோம் மேல் இல்லை. உன் மேலும் இல்லை என்று சொல்லமாட்டேன். டப்பாவைப் பற்றி அவளிடம் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை? அவள் கழுவுவதற்கு முன்பே புண்ணில் தூள் தூவியிருந்தாயா இல்லையா?

புகாரைத் திரும்பப் பெறு. நாள் நெருங்குகிறது.

சாலமோன்


செங்கல்பட்டு
23.1.2025

மச்சானுக்கு,

தூவினேன். எல்லாரும் தூவுவார்கள், நானும் தூவினேன். அதைப் போய் ஒரு நர்ஸிடம் சொல்லவேண்டும் என்று யாருக்குத் தெரியும்?

ஒரு பெரிய அநியாயம் நடந்திருக்கிறது. ஷபானா டாக்டர் என் மூக்கிலேயே குச்சியை விட்டுப் பரிசோதித்துவிட்டார். ரிசல்ட்டை மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். காலில் இருக்கிற அதே கிருமி என் மூக்கிலும் இருக்கிறதாம். என் மூக்கில்! நான் ஒத்துக்கொள்ளவில்லை. குச்சி மாறியிருக்கும் என்றேன். பக்கத்துக் கட்டில்காரன் குச்சியாக இருக்கும் என்றேன். இங்கே வந்த பிறகு ஒட்டிக்கொண்டிருக்கும் என்றேன். "இருக்கலாம். முன்பே இருந்திருக்கவும் கூடும். எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது" என்று எழுதினார். எனக்கு அவர் எழுதுவது பிடிக்கும். ஆனால் 'இருக்கலாம்' என்ற சொல் பிடிக்கவில்லை. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு யாரைப் பிடிப்பது?

மேரிக்கும் பார்த்தார்கள். இல்லை. அதில் அவளுக்குப் பெருமை வேறு. "எத்தினி வருசமா உங்கூட குடித்தனம் பண்றேன், என் மூக்கு சுத்தம் பாரு" என்று நான் உதட்டைப் படிக்கும்படி நிதானமாகச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். மச்சான், உன் தங்கச்சி சிரித்ததை ஒரு மாதத்துக்குப் பிறகு பார்த்தேன், அதற்காக அந்த ஒரு ரிசல்ட்டை மன்னிக்கலாம்.

படமும் வந்துவிட்டது. எலும்பில் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பூட்டி வைத்திருந்த மருந்தை எனக்குத் திறந்துவிட்டார்கள். சொட்டுச் சொட்டாக ஏறுகிறது. இரண்டு நாளாகக் காய்ச்சல் இல்லை. வீக்கமும் இறங்குகிறது.

ஆனால் புகார் விஷயத்தில் என் மனம் இறங்கவில்லை. பிரிசில்லாவின் ரிப்போர்ட்டைப் படித்தேன். அதில் தேதி, பெயர், எல்லாம் சரியாக இருக்கிறது. அவள் நர்ஸ். லேப்பில் தெரிந்தவர்கள் இருப்பார்கள். வேலையில் இருந்து அனுப்பிய பிறகு எடுத்த டெஸ்ட், அதற்குள் மூக்கை மருந்து போட்டுக் கழுவியிருக்கலாம் இல்லையா? ஷபானா டாக்டரின் 'இருக்கலாம்' எனக்கும் பயன்படுகிறது பார்.

உன் மூக்கைப் பற்றி நீ ஒரு வரி எழுதவில்லை. ஏன்?

அப்பாசாமி


மாமல்லபுரம்
26.1.2025

அப்பாசாமி,

என் மூக்கைப் பற்றிக் கேட்டாய். இந்தா, எழுதுகிறேன்.

என் மூக்கில் இருக்கிறது. கலைவாணன் மூக்கில் இருக்கிறது. ஆல்வின் மூக்கில் இருக்கிறது. தீனதயாளனும் எங்களோடு லேப்புக்கு வந்தார், கடைசிவரை முறைத்துக்கொண்டே வந்தார், அவர் மூக்கிலும் இருக்கிறது. எங்களுக்கும் உனக்குக் கேட்காத அதே மருந்துகள்தான் கேட்காது. உன்னிடம் இருந்து எனக்கு வந்ததா, என்னிடம் இருந்து உனக்கு வந்ததா என்று பிரிசில்லாவைக் கேட்டேன். இந்த டெஸ்ட் அதைச் சொல்லாது என்றாள்.

இதை உன்னிடம் மறைத்திருக்கலாம். நீ கேட்ட கேள்விக்குப் பதிலே எழுதாமல் இருந்திருக்கலாம். நான் வெட்கப்பட்டால் என் மகள் பழி சுமக்கவேண்டும், அதனால் எழுதினேன். பட்டறையில் தேடியதில் கிருமி இல்லாத மூக்கு ஒன்றும் இல்லை. நீ சந்தேகப்பட்ட ஒரே மூக்கில்தான் அது இல்லை.

அவள் மூக்கைக் கழுவிவிட்டு டெஸ்ட் எடுத்திருக்கலாம் என்று எழுதினாய். அதை நான் அவளிடம் படித்துக் காட்டவில்லை. நான் வெளியே போயிருந்தபோது மேஜையில் இருந்து எடுத்துத் தானே படித்துவிட்டாள். "மாமா நல்லா எழுதக் கத்துக்கினாரு" என்று மட்டும் சொன்னாள். அன்று இரவு சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமையோடு மாதம் முடிகிறது. அதற்குள் எழுது, இல்லாவிட்டால் இனி எனக்கு எழுதாதே.

சாலமோன்


செங்கல்பட்டு
30.1.2025

அன்புள்ள மச்சானுக்கு,

எழுதினேன். பிரிசில்லா சாப்பிடவில்லை என்ற வரிக்கு அப்புறம் உன் கடிதத்தை என்னால் மேலே படிக்க முடியவில்லை. அப்படியே பேனாவை எடுத்தேன்.

புகார் எழுதும்போது கை தானாக ஓடியது. நான் நினைத்ததை எல்லாம் எழுதலாம், பக்கம் நிறைந்துவிடும். இதில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் எழுதவேண்டும் என்று உட்கார்ந்தால் நாலு வரிக்கு மேல் தேறவில்லை. 'புண்ணில் நான் முன்பே தூள் தூவியிருந்தேன். கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தினேன். கிருமி என் மூக்கில் இருக்கிறது. நர்ஸ் பிரிசில்லா மேல் நான் சொன்னது சந்தேகம், பார்த்தது இல்லை.' இவ்வளவுதான். ஷபானா டாக்டரிடம் காட்டித் திருத்தச் சொன்னேன். திருத்தமாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார்.

மேரி அதை எடுத்துக்கொண்டு மின்சார ரயிலில் பொத்தேரிக்குப் போனாள். மேனேஜர் படித்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "புகார் எழுதினப்ப ஒருத்தரும் அவரக் கட்டாயப்படுத்தல. இத யார் சொல்லி எழுதினாரு? பொண்ணோட அப்பா மிரட்டினாரா?" மேரி இதை எனக்குச் சொல்லிக் காட்டியபோது எனக்கு ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் சிரிப்பு. சந்தேகப்படுவதில் அவர் எனக்கு அண்ணன்!

மேரி விடவில்லை. "நீயே வந்து பாத்துக்கோ சார்" என்று அவரைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டாள். இன்று மதியம் இங்கே வந்தார். இரண்டு மாஸ்க் போட்டிருந்தார். நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்து, அதையும் நம்பாமல், நின்றுகொண்டே இருந்தார். என் முன்னால் திரும்ப எழுதுங்கள் என்று சைகை காட்டினார். எழுதினேன். அவசரப்படவில்லை. ஒவ்வோர் எழுத்தையும் உருட்டி உருட்டி எழுதினேன். அவர் கால் மாற்றிக் கால் நின்று, கடைசியில் உட்கார்ந்துவிட்டார். நான் வலது கையால் எழுதுகிறேனா, இடையில் யாராவது கண் காட்டுகிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

முடித்ததும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கேட்டுவிட்டேன். "சார், மூணு நாலு பேர்ல ஒருத்தர் மூக்குல கீதாம். உங்க மூக்க பாத்துட்டீங்களா?"

பக்கத்துக் கட்டில்காரன் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பது எனக்குத் தெரிந்தது. ஷபானா டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மேனேஜர் ஏதோ சொன்னார், இரண்டு மாஸ்க்குக்குப் பின்னால் உதடு எனக்குத் தெரியவில்லை. என் பேப்பரைக் கையால் தொடாமல் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து உள்ளே போடச் சொன்னார். போட்டேன்.

நாளை வெள்ளிக்கிழமை. அவர் என்ன செய்வார் என்று தெரியவில்லை. அந்த ஆள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. இந்தக் கடிதத்தைப் பட்டறைக்குப் போகிற ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அப்பாசாமி


மாமல்லபுரம்
4.2.2025

மாப்பிள்ளைக்கு,

சனிக்கிழமை நர்சிங் ஹோமில் இருந்து வேலைக்கு வரச் சொல்லிப் போன் வந்தது. பிரிசில்லா உடனே சரி என்று சொல்லவில்லை. தன் மேல் தப்பு இல்லை என்று நர்சிங் ஹோம் தாளில் எழுதிக் கொடுத்தால்தான் வருவேன் என்றாள். கிடைத்த வேலையை இவளே கெடுத்துக்கொள்கிறாளே என்று நினைத்தேன். எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நேற்று டூட்டிக்குப் போய்விட்டாள்.

அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் மூக்கு டெஸ்ட் எடுக்கப் போகிறார்களாம். மேனேஜருக்கும் சேர்த்துத்தான். இது யார் வேலை என்று எனக்குத் தெரியும்.

இங்கே எங்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மூக்கு மருந்து வந்திருக்கிறது. காலையும் மாலையும் உள்ளே தடவவேண்டும், சொன்ன நாள்வரை விடாமல் தடவவேண்டும். மருந்து சோப்புப் போட்டுக் குளிக்கவேண்டும். ஆளுக்கொரு துண்டு. கலைவாணன் வாசனை பிடிக்கவில்லை என்று மறுநாளே நிறுத்தப் பார்த்தான். தீனதயாளன் அவனைப் பார்த்து, "டேய், பழக்காதடா அத்த!" என்று கத்தினார். டப்பாவுக்குக் குறுக்கே நின்ற அதே தீனதயாளன்தான்.

பிரிசில்லா உன்னை மன்னித்தாளா என்று கேட்டு எழுதுவாய். நானே கேட்டேன். "டூட்டிக்கு நேரமாச்சு நைனா" என்று பஸ் ஏறிவிட்டாள்.

சாலமோன்


செங்கல்பட்டு
10.2.2025

அன்புள்ள மச்சானுக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை பிரிசில்லா வந்தாள். உன்னிடம் சொன்னாளோ இல்லையோ, தெரியவில்லை. சொல்லாமல் வந்திருப்பாள் என்று எனக்குச் சந்தேகம், அதனால் எழுதுகிறேன்.

யூனிபார்ம் இல்லை. சாதாரணப் புடவை. மேரியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை. கட்டில் தலைமாட்டில் தொங்குகிற அட்டையைப் படித்தாள், மருந்து பாட்டிலைத் திருப்பிப் படித்தாள், காலைப் பார்த்தாள். நன்றாக ஆறுகிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், கால் தப்பித்துவிட்டது, இன்னும் சில வாரம் ஊசி இருக்கிறது என்று நானே சொன்னேன். நான் பேசப் பேச வார்டே கேட்டது, அவள் மட்டும் கேட்காத மாதிரி இருந்தாள்.

என்னிடம் பேப்பர் இருக்கிறது, எழுது என்று நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். பிறகு ஒரு வரி எழுதி என் மடியில் வைத்தாள்.

'மாமா, அடுத்த முறை என் மேல் சந்தேகம் வந்தால் எனக்கு எழுதுங்கள்.'

நான் மெதுவாகத்தான் படிப்பேன் என்று உனக்குத் தெரியும். படித்து முடிக்கும்வரை நின்றாள். முடித்துத் திரும்ப ஒரு முறை படித்தேன். அதற்கும் நின்றாள். அதற்குக் கீழே என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. சங்கரி டீச்சர் எவ்வளவோ சொல் சொல்லிக் கொடுத்தார், ஒன்றும் அதற்குச் சரியாக இல்லை. 'எழுதுகிறேன்' என்று எழுதினேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டுப் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஷபானா டாக்டரிடம் கேட்டுக்கொண்டு அவளே கட்டை மாற்ற உட்கார்ந்தாள். மாஸ்க் போட்டுக்கொண்டு குழாயில் கை கழுவினாள். கையுறை போட்டாள். பழைய கட்டை அவிழ்த்தாள். எனக்கு வலிக்கவில்லை. ஆனால் என் கண் அவள் கையை விட்டு நகரவில்லை மச்சான். எதை எடுக்கிறாள், எங்கே வைக்கிறாள், எதைத் தொட்ட பிறகு எதைத் தொடுகிறாள் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. வேண்டாம் என்று நினைத்தாலும் பார்க்கிறது.

அவள் கண்டுபிடித்துவிட்டாள். கையை நிறுத்திவிட்டு, மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினாள்.

"இன்னா மாமா, கையவே பாத்துகினு கீறீங்க?"

"கத்துக்கினு கீறேன்" என்றேன்.

"பொய்" என்றாள். சிரித்துவிட்டாள். பிறகு மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு, மாஸ்க்கைத் தொட்ட கையுறையைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, திரும்பக் குழாய்க்குப் போய் முதலில் இருந்து கை கழுவ ஆரம்பித்தாள்.

அப்பாசாமி